ஓட்டு ஊரில், ஆள் ஹாஸ்டலில்: நெல்லை மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணிக்கும் போவேன். ஆண்டுதோறும் ஜனவரி 25, தேசிய வாக்காளர் நாளன்று, வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டு உட்காருவோம். பிள்ளைகள் உறுதிமொழி எடுப்பார்கள், கோலம் போடுவார்கள், செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு நாலைந்து பேர் தயங்கித் தயங்கி மேசைக்கு வருவார்கள். அவர்கள் கேட்பவைதான் உருப்படியான கேள்விகள். அப்படி வந்தவற்றைக் கேட்ட நடையிலேயே இங்கே வைத்திருக்கிறேன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை கிடையாது" என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நான் பார்த்தவரை அது பாதிக்கு மேல் தவறு. ஓட்டு ஒரு ஊரில் இருக்கிறது, ஆள் இன்னொரு ஊரில் இருக்கிறார், இரண்டும் சந்திக்கிற நாளில் பரீட்சை வந்து நிற்கிறது. அக்கறையை விட முகவரிதான் பெரிய தடை. முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான்.

எங்க வீடு வள்ளியூர். படிக்கிறது பாளையங்கோட்டையில, இருக்கிறது ஹாஸ்டல்ல. எனக்கு ஓட்டு எங்க சார் இருக்கணும்?

இரண்டில் எந்த இடமும் சரி. முடிவு உங்களுடையது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. விடுதி மாணவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டால் அவருக்கே குழப்பம்தான். அதனால் தேர்தல் ஆணையம் ஒரு வழி விட்டிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஓராண்டுக்குக் குறையாத படிப்பு படிக்கிறீர்கள் என்றால், பெற்றோர் வீட்டு முகவரியிலும் பதியலாம், விடுதி முகவரியிலும் பதியலாம். விடுதி முகவரி கொடுப்பவர்கள் முதல்வரிடமோ பதிவாளரிடமோ, "இவர் இங்கே படிக்கிறார், இந்த விடுதியில் இருக்கிறார்" என்று சான்றிதழ் வாங்கி இணைக்க வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் போனஃபைடு என்று கேட்டால் தருவார்கள். இதற்கென்று ஆணையமே ஒரு மாதிரிப் படிவம் வைத்திருக்கிறது, அதையே அச்செடுத்துக் கொண்டுபோனால் கிளார்க்குக்கும் வேலை சுலபம்.

எது நல்லது என்று என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்குப் போகிற பிள்ளைக்கு ஊர்தான் சரி. அங்கே தெருவில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும், கவுன்சிலர் முகம் தெரியும். மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருடம் இருக்கப்போகிறவர், ஆய்வுப் படிப்பில் வருடக்கணக்காக இங்கேயே தங்கியிருப்பவர், இவர்கள் பெயரை இங்கே மாற்றிக்கொள்வது நியாயம். இன்னொன்றையும் யோசியுங்கள். வள்ளியூர் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது, பாளையங்கோட்டை வேறு தொகுதி. ஆனால் இரண்டும் திருநெல்வேலி நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கும் என்பதால், அந்தத் தேர்தலில் நீங்கள் எங்கே நின்று போட்டாலும் இயந்திரத்தில் அதே பெயர்கள்தான். சங்கரன்கோவிலிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் வந்து படிக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. முறையே தென்காசி, தூத்துக்குடி என்று அதுவும் மாறிவிடும்.

ரெண்டு இடத்திலயும் பேர் வச்சுக்கிட்டா வசதிதானே?

வசதிதான், ஆனால் குற்றம். ஒருவருக்கு ஒரே ஒரு தொகுதியில்தான், அதுவும் ஒரே ஒரு பதிவுதான். விண்ணப்பத்தில் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்து விடுதிக்கு மாற்ற நினைப்பவர் படிவம் 6 போடக் கூடாது. அது புதிதாகச் சேருகிறவர்களுக்கு. மாற்றத்துக்குப் படிவம் 8. அதைக் கொடுத்தால் பழைய இடத்தில் பெயரை எடுக்கும் வேலையையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்த 6க்கும் 8க்கும் நடுவில்தான் நிறையப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது மறுபடி ஒரு படிவம் 8 போட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு ஜூன் மாசம்தான் 18 முடியுது. அடுத்த ஜனவரி வரைக்கும் காத்திருக்கணுமா?

வேண்டாம். முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றுதான் கணக்கு. ஜனவரி 2இல் பிறந்தவன் கிட்டத்தட்ட ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டியிருந்தது. 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள். ஜூனில் 18 முடிந்தால் ஜூலை 1 உங்களுக்கு. 17 முடிந்திருந்தாலே முன்கூட்டி விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம், வயது வந்ததும் எடுத்துக்கொள்வார்கள்.

சில பிள்ளைகளுக்கு இந்த 18 எப்போதும் இருந்த வயது என்று நினைப்பு. உங்கள் தாத்தா காலத்தில் 21. அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் 1989 மார்ச் 28இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் 18. அதற்கு முன் பி.ஏ. முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த 20 வயது ஆளுக்கும் ஓட்டு கிடையாது.

விண்ணப்பத்துக்கு என்னென்ன வேணும்?

ஒரு புகைப்படம், வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று. வயதுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலே போதும். ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ கைபேசியிலிருந்தே போட்டுவிடலாம். சந்தேகம் இருந்தால் 1950க்குப் பேசுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர், ஊரில் பி.எல்.ஓ. என்பார்கள், பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். அவர் வீட்டுக்கோ விடுதிக்கோ வந்து பார்ப்பார். விடுதி என்றால் அவர் வரும் நேரத்தில் நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள், காவலாளி "அப்படி யாரும் இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிடுவார். எங்கள் விடுதி ஒன்றில் இப்படி ஒரே வாரத்தில் பலர் விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. அதிலிருந்து காப்பாளரிடம் பெயர்ப் பட்டியல் ஒன்றை முன்னாலேயே கொடுத்து வைக்கிறோம்.

முக்கியமான ஒன்று: தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியல் மூடப்படும். ஆட்சேபணைக்கும் விசாரணைக்கும் நாள் வேண்டும் என்பதால், அதற்குப் பத்து நாளாவது முன்னால் கொடுத்தால்தான் பெயர் ஏறும். ஓட்டுப் போடுவது இரண்டு நிமிட வேலை. பெயர் சேர்ப்பதுதான் மாதக்கணக்கான வேலை.

போன தடவை பேர் இருந்துச்சு. இந்தத் தடவையும் இருக்கும்தானே?

பார்க்காமல் நம்ப வேண்டாம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. படிவம் வீட்டுக்கு வந்தபோது விடுதியில் இருந்த பிள்ளையின் பெயர் எந்தக் கணக்கில் போயிருக்கும் என்று உட்கார்ந்து ஊகிப்பதைவிட, வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டுத் தேடிப் பார்ப்பது சுலபம். இல்லை என்றால் படிவம் 6. அட்டை கையில் இருக்கிறது என்பதற்காகப் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு.

காலேஜ் ஐடி கார்டைக் காட்டினா விடுவாங்களா?

விட மாட்டார்கள். வாக்காளர் அட்டை இல்லாதவர்களுக்கு ஆதார், ஓட்டுநர் உரிமம், பான், கடவுச்சீட்டு, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக் என்று ஒரு டஜன் மாற்று ஆவணங்களை ஆணையம் ஏற்கிறது. கல்லூரி அட்டை அதில் இல்லை. ஒருமுறை நான் பணியில் இருந்த சாவடிக்கு மாலை ஐந்தே முக்கால் மணிக்கு ஒரு பையன் கல்லூரி அட்டையோடு ஓடி வந்தான். ஆதார் போனில் இருக்கிறது என்றான். போன் உள்ளே வரக் கூடாது. வீடு பக்கம்தான், ஓடிப் போய் எடுத்து வந்து ஆறு மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டான். ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து முன்னோக்கி டோக்கன் கொடுப்போம், அதனால் தப்பித்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற பூத் சிலிப்பும் அடையாளச் சான்று ஆகாது. பாகம் எண், வரிசை எண் தெரிந்துகொள்ளத்தான் அது.

நான் நெல்லைக்காரி, கோயம்புத்தூர்ல படிக்கிறேன். தபால் ஓட்டு உண்டா?

மாணவர்களுக்குக் கிடையாது. படைவீரர்கள், தேர்தல் பணியில் இருப்பவர்கள், 85 வயது கடந்தவர்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ உடற்குறை உள்ளவர்கள் என்று சில பிரிவினருக்குத்தான் அது. இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் மனக்குறை உண்டு. படிக்கப் போனதற்கு ஒரு தண்டனை போலத்தான் இருக்கிறது. இப்போதைக்கு வழி இரண்டுதான்: அங்கே பெயரை மாற்றுவது, இல்லையென்றால் ஊருக்கு வருவது.

வருவதென்றால் கணக்குப் போட்டு வர வேண்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தலை மார்ச் 16இல் அறிவித்தார்கள், தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. ரயிலில் இப்போது 60 நாளைக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. அதாவது தேதி தெரியும்போது, சென்னையிலிருந்து வரும் நெல்லை எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்களில் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கும். சிறப்புப் பேருந்து விடுவார்கள், அதை நம்பலாம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வந்தால் செலவும் குறையும். பகுதிநேரமாக எங்காவது வேலை பார்க்கிறவர்கள், வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் இருப்பதை முதலாளிக்குப் பணிவாக ஞாபகப்படுத்துங்கள்.

அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் 69.72 சதவீதம் வாக்குப்பதிவு. திருநெல்வேலித் தொகுதி அதைவிடப் பின்தங்கி 64 சதவீதத்தை ஒட்டி நின்றது. வெளியூரில் படிப்பும் பிழைப்புமாக இருக்கிறவர்கள் நிறைந்த சீமை இது, அதனால் எனக்கு அந்த எண் ஆச்சரியமாக இல்லை.

என் ஒரு ஓட்டால என்ன சார் மாறிடப் போகுது?

பெரும்பாலும் ஒன்றும் மாறாது. லட்சக்கணக்கான ஓட்டில் உங்கள் ஓட்டு ஒன்று, அவ்வளவுதான். வகுப்பில் இதை மறைத்துப் பேசினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் "பெரும்பாலும்" என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம் மாவட்டத்திலேயே 2016 ராதாபுரம் இருக்கிறது.

அந்தச் சட்டமன்றத் தேர்தலில் அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை வென்றார். வித்தியாசம் 49 ஓட்டு. ஒரு வகுப்பறையில் உட்காருகிற ஆட்கள். தோற்றவர் வழக்குப் போட்டார். தலைமை ஆசிரியர் சான்றொப்பம் இட்டதால் செல்லாது என்று ஒதுக்கப்பட்ட 203 தபால் ஓட்டுகள்தான் அந்த வழக்கின் மையம். தலைமை ஆசிரியர் கையெழுத்து செல்லுமா செல்லாதா என்பதில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் பதவி தொங்கிக்கொண்டிருந்தது. உயர் நீதிமன்றம் அந்த ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. 2019 அக்டோபரில் எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே 2021 தேர்தலும் வந்துவிட்டது. எண்ணியும் விடை வெளியே வராத கணக்கு. எங்கள் ஊர்க்காரர்களுக்கே அல்வா.

அதே 2021இல் பக்கத்துத் தென்காசியில் வெற்றி வித்தியாசம் 370. இந்த இரண்டு தொகுதிகளிலிருந்தும் சென்னைக்கும் கோவைக்கும் படிக்கப் போயிருந்த பிள்ளைகள் எத்தனை பேர் அன்று ஊருக்கு வரவில்லை என்று நினைத்துப் பாருங்கள். யாருக்குப் போட்டிருப்பார்கள் என்பதல்ல என் கவலை. அந்த 49 என்ற எண் வேறு எண்ணாக இருந்திருக்கும்.

உள்ளாட்சியில் இது இன்னும் கூர்மை. வார்டு உறுப்பினர் தேர்தலில் பத்து ஓட்டு, ஐந்து ஓட்டில் ஜெயிப்பதும், சரிசமமாக வந்து குலுக்கல் போடுவதும் அதிசயமே இல்லை.

யாரையுமே பிடிக்கலைன்னா?

நோட்டா இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27இல் கொடுத்த தீர்ப்பால் வந்தது. அதற்கு முன் 49-ஓ என்று ஒரு விதி இருந்தது, ஆனால் அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும், ரகசியம் போய்விடும். இப்போது இயந்திரத்திலேயே கடைசிப் பொத்தான். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் நோட்டா எத்தனை வாங்கினாலும் தேர்தல் ரத்தாகாது. வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவரே ஜெயித்தவர். மறுப்பைப் பதிவு செய்யலாம், மாற்று ஆளைக் கொண்டுவர அதனால் முடியாது. வீட்டில் படுத்திருப்பதைவிட மேல். ஏன் என்றால் வராதவர் கோபமாக இருந்தாரா தூங்கினாரா என்று யாருக்கும் தெரியாது.

ஊர்ல துட்டு கொடுக்கிறாங்க. வாங்கிட்டு நம்ம இஷ்டத்துக்குப் போட்டா தப்பா?

இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். சட்டத்தின் விடை எளிது. கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173 பிரிவுகளில் ஓராண்டு வரை சிறை இருக்கிறது. நடத்தை விதிகள் அமலில் இருக்கும் நாட்களில் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் வாக்கு.

சட்டத்துக்கு வெளியே உள்ள விடைதான் கடினம். "எங்க அம்மா பீடி சுத்துறா சார், வந்த துட்ட எதுக்கு விடணும்?" என்று ஒரு பையன் கேட்டான். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கூலி கிடைக்கும் என்று தெரிந்தவன் அவனுக்கு உபதேசம் செய்ய மாட்டான். நான் ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டினேன். ஓட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள், ஐந்து வருடம் என்பது 1,826 நாள். ஒரு நாளைக்கு 55 காசு. பீடிக் கூலி உயர்வைப் பற்றி, துட்டு கொடுத்த அந்த ஆளிடம் அதற்கு அப்புறம் போய்க் கேட்க உனக்கு வாய் வருமா என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் அம்மாவிடம் சொன்னானா என்றும் நான் கேட்கவில்லை.

நான் யாருக்குப் போட்டேன்னு அப்பாவுக்கோ கட்சிக்காரங்களுக்கோ தெரிஞ்சிடுமா?

தெரியாது. நிறைய மாணவிகள் கேட்பது இது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். பொத்தானை அழுத்தினால் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் வேட்பாளர் பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டு ஏழு வினாடி தெரியும், பிறகு உள்ளே விழும். அதில் உங்கள் பெயர் இல்லை. கையில் கொண்டுவரவும் முடியாது. எந்த நீதிமன்றத்திலும்கூட நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. "குடும்பமா ஒரே சின்னம்" என்று அப்பா சொல்வார், தலையாட்டுங்கள். மறைப்புக்குள் அப்பா வர மாட்டார்.

எங்க பக்கம் எல்லாமே சாதி பார்த்துத்தான். இதுல நான் தனியா என்ன செய்ய?

நம் சீமையைப் பற்றி எழுதுகிறவர் இதைத் தாண்டிப் போனால் அது நேர்மை இல்லை. பள்ளிக்கூடத்திலேயே கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தில் சாதி தெரிந்துவிடுகிற ஊர்களிலிருந்துதான் நம் பிள்ளைகள் வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன் பிறகுதான் அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அந்த அறிக்கை வந்தது. வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்ன அறிக்கை அது.

சாதியைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவின்படி முறைகேடு, தேர்தலே செல்லாமல் போகும். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் சாதியைச் சொல்லிக் கேட்டாலும் அது பொருந்தும் என்றது. மேடையில் இப்போது கவனமாகப் பேசுகிறார்கள். மேடைக்குப் பின்னால் எல்லாக் கட்சியும் தொகுதியில் எந்தச் சாதி எத்தனை தலை என்று எண்ணித்தான் வேட்பாளரைப் போடுகிறது.

நீங்கள் தனியாக இதை உடைக்க முடியாது. ஆனால் ஒன்று சொல்வேன். அந்தக் கணக்கு நிற்பது, "இந்தத் தெரு மொத்தமும் இவருக்கு" என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது என்பதன்மேல்தான். உங்கள் தெருவில் பத்துப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை என்றால், அந்தத் தெருவுக்கு வந்து சாக்கடையைப் பற்றிப் பேச வேண்டியதாகிவிடும். நிச்சயமான ஓட்டுக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். அது சொந்தச் சாதிக் கட்சிக்காரருக்கும் பொருந்தும்.

வேட்பாளரைப் பத்தி வாட்ஸ்அப்ல வர்றதெல்லாம் நம்பலாமா?

வேண்டாம். ஒவ்வொரு வேட்பாளரும் வேட்புமனுவோடு படிவம் 26இல் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கிறார். சொத்து, கடன், படிப்பு, நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். ஆணையத்தின் தளத்தில் யாரும் இறக்கிப் படிக்கலாம். விடுதியில் ஒரு ராத்திரி உட்கார்ந்து உங்கள் தொகுதிப் பத்திரங்களை வாசித்துப் பாருங்கள். மீம்ஸைவிடச் சுவாரசியமாக இருக்கும்.

நான் போறதுக்குள்ள என் ஓட்டை வேற யாரோ போட்டுட்டா?

திரும்பி வராதீர்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் போய், நான்தான் அந்த ஆள் என்று அடையாளத்தைக் காட்டுங்கள். தேர்தல் நடத்தை விதி 49-பி (ஆங்கில P) என்பதன்படி உங்களுக்கு ஆய்வுக்குரிய வாக்குச் சீட்டு தருவார்கள். அது இயந்திரத்தில் போடுவது அல்ல, தாளில் போட்டு உறையில் தனியாக வைப்பது. சாதாரணமாக எண்ணமாட்டார்கள், வழக்கு என்று வந்தால் அது பேசும்.

பார்வையில்லாத என் தோழி எப்படி ஓட்டுப் போடுவா?

இயந்திரத்தில் பிரெயில் எண் உண்டு. வேண்டுமென்றால் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். நீங்களே போகலாம். ஒரு நாளில் ஒருவர் ஒருவருக்குத்தான் துணை.

காலேஜ்ல அரசியல் பேசினா பிரின்சிபால் திட்டுறாரே?

ஓட்டு வயது 18 என்று வைத்துவிட்டு அரசியல் பேசாதே என்பது, தாமிரபரணிக் கரையில் வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் குளிக்காதே என்பது போல. எந்தச் சட்டமும் மாணவர் அரசியல் பேசுவதையோ கட்சியில் சேருவதையோ தடுக்கவில்லை. மாணவர் பேரவைத் தேர்தலுக்கே லிங்டோ குழு விதிமுறை வகுத்து, 2006இல் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொல்லியிருக்கிறது. செலவு 5,000 ரூபாய்க்குள், அச்சடித்த போஸ்டர் கிடையாது, 75 சதவீத வருகை வேண்டும். நல்ல விதிகள். நான் படித்த இடத்தில் ஆசிரியர் கை காட்டியவர்தான் பேரவைச் செயலாளர், இன்றும் பல இடங்களில் அப்படித்தான். முதல் ஓட்டை வகுப்புப் பிரதிநிதிக்குப் போட்டுப் பழகாத பிள்ளை சட்டமன்றத்துக்குப் போடும்போது தடுமாறுவதில் வியப்பில்லை.

அப்புறம், இந்த ஊரின் கதையையும் சொல்ல வேண்டும். 1908 மார்ச் 12இல் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைத்தன, இந்துக் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். வரி கட்டுகிற சிலருக்குத்தான் ஓட்டு என்றிருந்த காலம் அது. அந்தப் பையன்களுக்கு இழப்பதற்கு ஓட்டுகூட இல்லை.

ஓட்டுப் போட்டாச்சு. அப்புறம் அஞ்சு வருஷம் சும்மாதானா?

கிராமத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாரும் அதில் உறுப்பினர்கள், அழைப்பிதழ் வேண்டாம். குறைந்தபட்ச வருகை உண்டு. 500க்கு மேல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர். இந்த எண்ணிக்கையை ஒப்பேற்ற நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "போன கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் கூட்டத்தின் முகமே மாறிவிடும். வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு 55 வார்டுகள், வார்டுக்கு ஒரு கவுன்சிலர், பகுதி சபைகள் என்று இருக்கின்றன. கிராம சபையின் சூடு அங்கே இன்னும் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். அதனால் நகரத்துப் பிள்ளைகளுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தைச் சொல்வேன். பத்து ரூபாய் கோர்ட் வில்லை, ஒரு வெள்ளைத்தாள், பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. "தாமிரபரணியில் சாக்கடை கலக்கிறதே, ஏன்?" என்று எழுதினால் பதில் வராது, அது புலம்பல். "எங்கள் வார்டில் ஆற்றில் சேரும் கழிவுநீர் ஓடைகள் எத்தனை, அவற்றைத் தடுக்க 2022 முதல் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவான தொகை எவ்வளவு?" என்று எழுதினால் அது கேள்வி. எங்கள் மாணவர் ஒருவருக்கு வந்த பதிலில் ஒதுக்கிய தொகை மட்டும் இருந்தது, செலவுக் கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலிக் கட்டத்தை வைத்து அவர் மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறார்.

நாங்களே நிக்கலாமா?

உள்ளாட்சிக்கு 21 வயது, சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25. 2021 அக்டோபரில் நம் மாவட்டத்திலும் தென்காசியிலும் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, தென்காசி மாவட்டத்து வெங்கடாம்பட்டியில் பொறியியல் படித்த, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண் தலைவராக ஜெயித்தார். சட்டமன்றத்துக்கு நிற்க டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அது திரும்பி வராது.

சுயேச்சையாக நிற்பவருக்கு அந்தத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்படிக் கையெழுத்துப் போடுவதற்கு 25 ஆக வேண்டியதில்லை, 18 போதும். பெயர் மட்டும் அந்தத் தொகுதிப் பட்டியலில் இருக்க வேண்டும்.